ஜன்னலுக்கு முதுகு காட்டிய வகுப்பு

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. காரணம் ஒரு தண்ணீர் கேன் வண்டி. மதுரையில் நாங்கள் இருக்கிற தெரு முட்டுச்சந்து. உள்ளே வந்த வண்டி திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே போகவேண்டும். போகும்போது பொம்மை வாத்தியம் மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். அதைக் கேட்டதுதான் தாமதம், அடுப்பை மறந்து பால்கனிக்கு ஓடிவிட்டேன். ஓடிப் போய் என்ன பார்த்தேன்? தினமும் பார்க்கிற அதே நீலக் கேன்கள். திரும்பி வருவதற்குள் பால் தன் வேலையை முடித்திருந்தது.

"வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், ஓடிருவியே" என்றார் என் வீட்டுக்காரர், அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "நீதான் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கவனமா இருக்கச் சொல்லிக் குடுத்தவளாக்கும்!"

ஆமாம், நான்தான். எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

தீய்ந்த பால் வாசனைக்கு என்னிடம் ஒரு முகவரி உண்டு. எழுபதுகளின் கடைசியில் போடி பஸ் நிலையத்து ஓரத்தில் இருந்த டீக்கடை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் காலை அங்கே நின்றுதான் தேவாரம் போகிற பஸ்சுக்குக் காத்திருப்பேன். தீய்ந்த பால், டீசல் புகை, இரண்டுக்கும் மேலே எங்கிருந்தென்று சொல்ல முடியாதபடி ஊர் முழுக்க மிதக்கிற ஏலக்காய் வாசனை. போடிக்காரர்களுக்கு அது மூக்கில் ஏறாது. வெளியூர் விருந்தாளி வந்து "யார் வீட்டில் பாயாசம்?" என்று கேட்கும்போதுதான் நமக்கே நினைவு வரும்.

பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். "மெட்டு, மெட்டு! ஒரே ஆளு, ஒரே ஆளு!" என்று கூவுவார்கள். அந்த ஒரே ஆள் ஏறிய பிறகும் ஒரே ஆளுக்குத்தான் இடமிருக்கும். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாக ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே நிறைந்து, பின்னால் தொங்கி, முன்னால் பம்பரில்கூட ஒருவர் உட்கார்ந்த பிறகு, ஜீப்பு ஒரு பெருமூச்சு விட்டுப் போடிமெட்டுக்குக் கிளம்பும். நான் மலைக்குப் போகிறவள் இல்லை. அடிவாரத்து ஊர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊர்ப்பெயர் வேண்டாம். நடந்த கூத்து அப்படி.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு நிமிடத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள். ஆர்வமூட்ட இவ்வளவு நேரம், பாடம் நடத்த இவ்வளவு, கேள்வி கேட்க இவ்வளவு என்று முக்கால் மணி நேரத்தைக் கேக்கு வெட்டுகிற மாதிரி துண்டு போட்டு எழுதவேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. முதல் நாள் கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாகப் போய் நின்று, ஆர்வமூட்ட வாயைத் திறந்தேன். வெளியே "பாம் பாம் பாஆஆம்" என்று ஒரு சத்தம். நாற்பதுக்கு மேற்பட்ட தலைகள் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பின.

வலப்பக்கம் ஜன்னல். ஜன்னலென்றால் சாதாரண ஜன்னலில்லை; கோவில் கதவு அகலத்துக்கு ஒன்று. மரக்கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை, அதற்கு அப்பால் கடலைக்காடு, ஒரு வாழைத்தோப்பு, பிறகு நேராக மலை. சுற்றுச்சுவர் கிடையாது. சாலையில் என்ன போனாலும் அது எங்கள் வகுப்பு வழியாகப் போன மாதிரிதான்.

"செல்லையாண்ணே ஜீப்பு டீச்சர்!" என்று எனக்கும் சேர்த்து விளக்கம் சொன்னார்கள். ரப்பர் குமிழை அமுக்கி அடிக்கிற ஹாரன் அது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கைப்பழக்கம். இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்றால் செல்லையா. ஒரே மூச்சாக அழுதால் வேறொருவர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குக்கூட ஹாரன் தெரிந்திருந்தது. ஜீப்பு போய் முடிந்ததும் லோடு லாரி, அதன் பின்னால் பஸ்சு, பஸ்சு போனதும் ஐஸ்காரர். என் கேக்கை ஊரே சேர்ந்து தின்றுகொண்டிருந்தது.

எங்கள் தலைமை ஆசிரியருக்கு நேரம்தான் தெய்வம். ஊரில் அவருக்குப் பெரிய சார் என்று பெயர். வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அவரேதான் அடிப்பார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவர் மணி அடித்தால் ஊரில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். என் பாடக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "பாதிதானேம்மா நடந்திருக்கு? மீதி எங்க போச்சு?" என்று கேட்டார். ரோட்டில் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஜன்னலில் இந்தியப் படத்தைத் தொங்கவிட்டேன். மலைக்காற்று அதை ஊதி ஊதி, கன்னியாகுமரி போய் காஷ்மீரில் இடித்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்து சாக்கு கட்டினேன். வகுப்பு இருட்டாகி, பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மூன்றாவதாகத்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கரும்பலகை முக்காலியில் நிற்பதுதானே? அதைத் தூக்கி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகளைத் திருப்பி உட்காரவைத்தேன். இப்போது அத்தனை பேரும் ஜன்னலுக்கு முதுகு. எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

அந்த மரியாதை ஜீப்பு வரும்வரை நீடித்தது. பிள்ளைகள் திரும்பவில்லை. நான்தான் பார்த்தேன்! பலகை அந்தப் பக்கம் போனால் டீச்சரின் கண் இந்தப் பக்கம் வரும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. முழுச் சாலையும் எனக்கு எதிரே விரித்துவைத்த மாதிரி இருந்தது. இருபத்தொரு வயது, உலகத்தில் இருப்பதையெல்லாம் பார்த்துவிடத் துடிக்கிற கண்.

ஒரு வாரத்தில் பிள்ளைகள் என் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதைக் கண்டுபிடித்தவள் முன்வரிசைப் பாண்டியம்மாள். எண்ணெய் வழிகிற இரட்டைச் சடை, ஓயாத வாய்.

"டீச்சருக்கு ஒத்தப் புருவம் ஏறுனா பஸ்சு" என்று அவள் பக்கத்துப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியதை நானே கேட்டேன். "ரெண்டும் ஏறுனா ஐஸ் வண்டி. கண்ணு சுருங்குனா தூரத்துல எதுவோ வருது, இன்னும் தெரியல."

"அப்ப உதட்டக் கடிச்சா?"

"அது சாயங்கால ஏலக்கா லோடு ஜீப்பு. மூட்ட மேல உக்காந்து ஒரு அண்ணன் வருவாருல்ல, அவரு."

எனக்குக் காது சூடேறிவிட்டது. எனக்கே அதுவரை தெரியாத சங்கதி அது. எஸ்டேட் ஸ்டோரில் வேலை பார்த்த அந்த அண்ணன்தான் இன்று காலை அடுப்பைத் துடைத்தவர் என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த நிலையில்தான் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. என் வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் நல்லபடி சொன்னால்தான் ஆகும். பெரிய சார் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார். ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் அதிகாரிக்கென்று ஒரு முழு வாழைத்தார் அனுப்பினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, நிழலாக இருக்கிறதென்று, சுவரோரம் சாத்திவைத்தார்கள்.

நான் எடுத்த பாடம் மணி பார்த்தல். அட்டையில் கடிகாரம் செய்து முள் குத்தியிருந்தேன். அதிகாரி கனத்த உடம்பு, கனத்த கண்ணாடி. வகுப்பின் கடைசியில் ஜன்னலடியில் நாற்காலி போட்டு, பிள்ளைகளைப் போலவே ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "நீங்க பாட்டுக்கு நடத்துங்கம்மா" என்றார்.

நடத்தினேன். பெரிய முள், சின்ன முள், எல்லாம் அழகாகப் போனது. "இப்ப மணி என்ன?" என்று கேட்டபடி நிமிர்ந்தேன். வாழைத்தோப்பு அசைந்தது.

காற்றில் அசைகிற அசைவில்லை அது. ஒரு மரம் சாய்ந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு யானை வெளியே வந்து கடலைக்காட்டில் கால் வைத்தது. தேவாரம் பக்கம் இரவில் இறங்கி வாழையை அழித்தது என்று அடிக்கடி காதில் விழும். பட்டப்பகலில் நான் பார்த்ததில்லை. அது சாவகாசமாகச் சாலையைத் தாண்டி எங்கள் ஜன்னலைப் பார்த்து நடந்தது. வாழைத்தார் வாசனை பிடித்திருக்கவேண்டும்.

கத்தியிருப்பேன். தொண்டைவரை வந்துவிட்டது. வகுப்புக்கு ஒரே வாசல். அது திறக்கிற முற்றத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் யானை நிற்கிற இடம். நான் கத்தினால் இத்தனை பிள்ளைகளும் அந்த வாசல் வழியாகத்தான் ஓடும். ஓடுகிறவர்களைத்தான் யானை துரத்தும் என்று எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அக்கா சொன்னது அந்த நேரத்தில் எப்படியோ ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் இருந்தால் தின்றுவிட்டுப் போய்விடுமாம்.

ஆனால் என் முகம்? அதை என்ன செய்வது? அதைத்தான் நாற்பது பிள்ளைகளும் வாசித்துக்கொண்டிருந்தார்களே! புருவம் ஏறியிருக்கிறதா, கண் சுருங்கியிருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இதுவரை பார்க்காத முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மூச்சடங்கிப்போனார்கள். பாண்டியம்மாள் மெதுவாகத் தன் வலக்கையை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து, துதிக்கை போல லேசாக ஆட்டிக் காட்டினாள். ஆனையா?

நான் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன்.

பாண்டியம்மாள் கையை இறக்கிக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையின் தொடையைக் கிள்ளினாள். கிள்ளல் வரிசை வரிசையாகப் பின்னால் போனதை நான் பார்த்தேன். ஒரு பிள்ளைகூட அழவில்லை, ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. அத்தனை கண்ணும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அவர்கள் பயப்படாமல் இருக்க அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க கண்ணுகளா, மணி என்ன?" என்றேன். கையிலிருந்த அட்டையில் பெரிய முள் தானாகவே ஒரு சுற்று வந்தது.

"மூணு டீச்சர்" என்றார்கள், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில்.

அதிகாரியின் தலைக்குப் பின்னால் ஜன்னல் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு கண் தெரிந்தது, அதைச் சுற்றிச் சுருக்கம். பிறகு தார் கிழிகிற சத்தம், மெல்லுகிற சத்தம்.

"வெளியே என்னம்மா சத்தம்?" என்றார் அதிகாரி, எதையோ எழுதியபடி.

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் எழுந்து கைகட்டி நின்றாள். "மாட்டுக்குச் சோளத்தட்ட வெட்டிப் போடுறாக சார்."

"ம்ம்" என்று அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் வந்தது. பாடவேளை முடியப்போகிறது. பெரிய சார் மணி அடிப்பார். அந்தத் தண்டவாளத்தில் இரும்பு விழுந்தால் மலையே அதிரும். யானை சும்மா நிற்குமா? வாழ்நாளில் அவர் ஒரு தடவைகூடத் தாமதமாக அடித்ததில்லை. வீட்டில் சாவு விழுந்த அன்றுகூட வந்து அடித்துவிட்டுப் போனவர் என்று சொல்வார்கள். இன்றைக்கு ஒருநாள் மறந்துபோங்கள் சார், அப்பா சாமி, மறந்துபோங்கள் என்று மனசுக்குள் அவரையே கும்பிட்டேன்.

மணி அடிக்கவில்லை. நேரம் தாண்டியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். மறுபடி பார்த்தார். நான் மணி பார்த்தலை முடித்துவிட்டு, என்ன நடத்துவதென்று தெரியாமல், ஒரு நாளைக்கு எத்தனை மணி, ஒரு வாரத்துக்கு எத்தனை நாள், என்று கேட்டுக்கொண்டே போனேன். பிள்ளைகள் தாலாட்டுப் போலப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஜன்னலில் கொஞ்சம் கொஞ்சமாக வானம் தெரிய ஆரம்பித்தது. பிறகு மலை. பிறகு கடலைக்காட்டில் வாலை ஆட்டிக்கொண்டு போகிற பின்புறம்.

நான் மூச்சு விட்டேன். நாற்பது பிள்ளைகளும் விட்டார்கள். வகுப்பே ஒரு பலூன் மாதிரி சுருங்கியது.

அதிகாரி எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்திருக்கேம்மா. இவ்வளவு கவனமா டீச்சரையே பாக்குற பிள்ளைகள நான் பாத்ததே இல்ல. உங்க முகமும் எப்படிச் சிரிச்சாப்ல இருக்கு!" அந்த நேரம் பெரிய சார் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு, சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து, கையில் காலி காப்பித் தம்ளரோடு வந்து நின்றார். அதிகாரி அவர் பக்கம் திரும்பி முகத்தைக் கடுமையாக்கினார்.

"டீச்சர் அருமை. ஆனா சார், உங்க பள்ளிக்கூடத்துல மணிதான் நேரத்துக்கு அடிக்கிறதில்ல."

பெரிய சாரின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதிகாரியை ஜன்னல் பக்கம் வெளியே அழைத்துப்போனார். அங்கே தார் இல்லை. தண்டின் நார் மட்டும் கிடந்தது. பக்கத்தில் கூடைக் கணக்கில் ஆவி பறக்கிற சாணம்.

"என்ன சார் இது?"

"ஆனைங்க."

"எப்ப வந்துச்சு?"

"நீங்க வாட்ச்சப் பாத்துக்கிட்டிருந்தீகளே, அப்பத்தான்."

அதிகாரி என் வகுப்பு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "போடிக்கு அடுத்த பஸ்சு எப்ப?" என்று கேட்டார். என் வேலை நிரந்தரமானது. பெரிய சார் மீது எந்தக் குறையும் வரவில்லை. ஆனாலும் ஓய்வு பெறும்வரை யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "நான் லேட்டா அடிக்கலம்மா, அடிக்காம இருந்தேன். ரெண்டும் வேற" என்பார்.

அன்று மாலை எல்லாப் பிள்ளைகளையும் வீடுவரை கொண்டுபோய் விட்டோம். வழியில் பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஆத்தா, ஆனைக்கே திரும்பாதவ நீ. அப்புறம் ஏன் முன்னாடியெல்லாம் ஒரு ஜீப்பு விடாமத் திரும்பித் திரும்பிப் பாத்த?" என்று அவளிடம் கேட்டேன்.

"எங்கம்மா மேல எஸ்டேட்டுல தங்கலு வேல டீச்சர், அங்கனயே தங்கிக்கிரும். எப்பயாச்சும் சோலியா போடிக்கு எறங்கும். பள்ளிக்கூடம் வந்தா டிரைவர் அண்ணே ஆரன் அடிச்சு வண்டிய மெதுவாக்குவாரு, நான் பாக்கணும்னு. எந்த ஜீப்புல வரும்னு தெரியாதுல்ல? அதான் எல்லாத்தையும் பாப்பேன்."

எல்லாவற்றையும் ஒரு சாதாரண விஷயம் போலச் சொல்லிவிட்டு அவள் ஐஸ்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் மட்டுமில்லை, என் வகுப்பில் பாதிப் பேர் கதை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் கரும்பலகையைப் பழைய இடத்துக்கே தூக்கிவந்தேன். கால அட்டவணையில், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, "வே.பா." என்று எழுதினேன். வேடிக்கை பார்த்தல். அந்த நேரத்தில் எல்லோரும் ஜன்னலுக்குப் போகலாம், நானும்தான். மற்ற நேரம் ஹாரன் கேட்டால் ஒருமுறை பார்த்துவிட்டு வெரசா பாடத்துக்குத் திரும்பிவிடவேண்டும். என்ன ஆச்சரியம், திரும்பினார்கள்! என் கேக்கு முதல்முறையாக முழுசாக எனக்கே கிடைத்தது. பெரிய சார் அதை வேளாண்மைப் பாடம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். "அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அவசியம்மா" என்று பாராட்டவும் செய்தார். நான் மறுக்கவில்லை.

ஒருநாள் வேடிக்கை நேரத்தில் செல்லையா அண்ணன் ஜீப்பு மெதுவாகி, பின்னாலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. ஏலக்காய்க் கறை படிந்த கை. பாண்டியம்மாள் "எம்மோவ்!" என்று கத்திய கத்தில் முழு வகுப்பும் கம்பியில் தொங்கிக்கொண்டு "எம்மோவ்! எம்மோவ்!" என்று கூவியது. யாருடைய அம்மா என்ற வித்தியாசமே இல்லை. நானும் கூவினேன் என்றுதான் நினைக்கிறேன். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் கையாட்டினார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே புதிதாகக் கட்டியிருக்கிற நிழற்குடையில் பஸ்சுக்காகக் காத்திருந்தேன். கடலைக்காடு வீட்டுமனையாகிவிட்டது. வாழைத்தோப்பு இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். மலையிலிருந்து யானை இறங்காமலிருக்க அகழி வெட்டியிருப்பதாகப் பக்கத்திலிருந்தவர் சொன்னார். சாலை இரண்டு மடங்கு அகலம். அந்தக் காலத்தில் ஒரு ஜீப்பு தூரத்தில் காதில் விழுந்து, கண்ணில் படுவதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். யாராக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிற நேரம். இப்போது அந்த நேரம் இல்லை. ஒரு சத்தம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

ஜன்னல் அப்படியே இருந்தது, இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு சின்னப் பெண் டீச்சர். லாரி போனது, கார் போனது, மலைக்குப் போகிற ஜீப்பு ஒன்று வேகம் குறையாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.